கடலில் விழுந்த அடுப்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் இருப்பவருக்கும் காதில் விழ வேண்டும். பிரலிமென் துறைமுகத்தில் கடல்நீரை ஊற்றித்தான் அடுப்பு மூட்டுவார்கள். அது வந்த கதையைச் சொல்கிறேன்.

தாய்நகரில் மூன்று வருடம் மழை பொய்த்தபோது மூன்று கப்பல்களில் சனம் கிளம்பியது. புது ஊர் கட்டுகிறவர்கள் தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பு கொண்டுபோக வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரு கல்கூட நடக்கூடாது. நெருப்புப் பானையை நிகரேத்தி என்ற விதவையிடம் கொடுத்தார்கள். கை நடுங்காதவள் என்று பேர். பதினோரு நாள் மடியிலேயே வைத்துக் காத்தாள். பன்னிரண்டாம் நாள் கரையில் இறங்கும்போது பாசி வழுக்கிப் பானை கடலில் விழுந்தது.

தலைவன் திமாந்திரோஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனை நாள் காப்பாத்தி, கடைசியில மீனுக்கா படைச்ச, தாயே? ஏறுங்கப்பா எல்லாரும், திரும்பிப் போவோம்."

திரும்பினால் பஞ்சம், கப்பலில் குடிநீர் ஒரு நாளுக்குத்தான் இருந்தது. நிகரேத்தி குனிந்து பார்த்தாள். நாலு முழ ஆழத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மத்தி மீன்கள் சுற்றி நின்று குளிர்காய்ந்தன.

"அணையல அண்ணே. அவரு அணைக்கவும் மாட்டாரு."

கடலரசன் பொசைடன் அடுப்புத் தெய்வமான ஹெஸ்தியாவைப் பெண் கேட்டு, மாட்டேன் என்ற பதிலோடு திரும்பியவன் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அவள் நெருப்பு தானாக வந்து அவன் மடியில் விழுந்திருக்கிறது. மூன்று பேர் முங்கிப் பானையை இழுத்தார்கள். கடல் திரும்ப இழுத்துக்கொண்டது.

"பிடுங்காதீங்கண்ணே, பாவம். நெருப்ப அவரே வச்சுக்கட்டும். நமக்குத் தண்ணி போதும்," என்றாள் நிகரேத்தி. ஒரு கிண்ணம் மொண்டு ஒலிவச் சுள்ளிமேல் ஊற்றினாள். பற்றிக்கொண்டது.

திமாந்திரோஸ் அதில் ஒரு வாற்கோதுமை ரொட்டியைச் சுட்டுத் தின்று பார்த்தான். "உப்பு கொஞ்சம் தூக்கல். சரி, கல்லை நட்டுடுங்க."

பிறகு மதில் வந்தது, சந்தை வந்தது, இரண்டு போரும் ஒரு பூகம்பமும் வந்து போயின. அந்த நீர் துறைமுகத்தின் முனையைத் தாண்டினால் வெறும் உப்புத்தண்ணீர். ஆகவே யாரும் அதை விற்றதில்லை. மணப்பெண்கள் புகுந்த வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுபோகிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் விறகைக் கடல்சாரலில் நனையாமல் மூடி வைக்கிறார்கள், தானாகப் பற்றிவிடுமே என்று. நிகரேத்தி தொண்ணூறு வயது வரை தினமும் இரண்டு அத்திப்பழங்களைத் துறையில் போட்டாள், கடலரசனுக்கும் ஹெஸ்தியாவுக்கும் ஆளுக்கு ஒன்று. ரொட்டியில் இன்றும் உப்பு தூக்கல்தான்.

உங்கள் வீட்டு அடுப்பும், கைதவறிக் கடலிலே விழுந்தாலும், அணையாதிருக்கட்டும், கண்ணுகளா.