வாயைத் திற

விடியும் முன்பே அண்டாவுக்கு அடியில் தீ பிடித்துவிட வேண்டும். விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார்கள். தண்ணீர் சூடேறியதும் மூட்டையைப் பிரித்துப் பால்மாவைக் கொட்டினார்கள். அப்போது கை ஓய்ந்தால் மாவு கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் பிடித்துக்கொள்ளும். படகுத் துடுப்பு ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்து, இடுப்பை வளைத்து அவள் கிண்டினாள். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது.

பிள்ளைகள் அவளைத் துடுப்பக்கா என்பார்கள். பெரியவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

பால் காய்ச்சும் கொட்டகை, கல்குவாரியின் முள்வேலிக்குள் இருந்தது. அந்த வேலி குவாரிக்காகப் போட்டதல்ல. துரைமார் ஆண்ட காலத்தில், காட்டுக்குள் இருந்து அவர்களோடு சண்டை போட்டவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று ஊர்களைக் கலைத்து, சனங்களை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். நிவாரண சங்கமும் அதன் பாலும் அப்போது வந்தவை. பிறகு துரைமார் போனார்கள். கம்பத்தில் கொடி மாறியது. பால்மா மூட்டையில் அச்சடித்திருந்த கொடி மாறவில்லை. வேலி வாசலில் நின்று துரைக்கு மொழிபெயர்த்தவன் குவாரியை வாங்கி முதலாளியானான்.

குவளையை வெளியே கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் கொட்டகையிலேயே நின்று குடித்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும். துடுப்பக்கா குனிந்து பார்ப்பாள்.

"ஆ... இன்னும் பெருசா. உள்ள குருவி கூடு கட்டியிருக்கா? சரி, ஓடு."

வாயில் புண் இருக்கிறதா, தொண்டை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதாகவே நினைத்திருந்தாள். சிறுமியாக இதே வரிசையில் நின்றபோது, சங்கத்தின் நர்ஸம்மா அவள் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி உள்ளே பார்த்தாள். விரலில் சோப்பு வாசனை. அம்மா செத்த பிறகு அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்தவர் வேறு யாருமில்லை.

முதலாளி கூலியைக் குறைத்ததிலிருந்து குவாரியில் சம்மட்டிச் சத்தம் இல்லை. வேலைநிறுத்தம் செய்தவர்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே இருந்த அவர்கள் குடிசைகளில் அடுப்பு எரியவில்லை. "பிள்ளைங்களுக்குப் பால் கிடைக்கிற வரைக்கும் நாங்க தாங்குவோம்கா" என்று அவள் தம்பி சொல்லியிருந்தான். அவனும் சம்மட்டிக்காரன்.

அவன் மூத்த மகள் இன்று வரிசையில் முதலில் நின்றாள்.

"அத்தை, பாப்பாவுக்கு ஜுரம். அம்மாவால தூக்கிட்டு வர முடியல. கொஞ்சம் கொண்டுபோகட்டா?"

"இங்க வந்துதான் குடிக்கணும் கண்ணு. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

முதலாளி நர்ஸம்மாவோடு கொட்டகைக்குள் வந்தான்.

"வேலைக்கு வர்றவன் பிள்ளைக்குத்தான் இனிமே பால். மத்ததை வரிசையிலிருந்து விலக்கு."

"எதைப் பார்த்து விலக்கறது முதலாளி? பசிச்ச வயிறெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

"நக்கலா? உன் பிள்ளைக்கு உண்டு. உன் தம்பி பிள்ளைங்களுக்கு இல்ல. புரிஞ்சுதா?"

அவள் நர்ஸம்மாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. பால் உங்க சங்கத்தோடது."

நர்ஸம்மாவின் தலை இப்போது நரைத்திருந்தது. கடல் கடந்து வந்தவள்; ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் மொழியை அவர்களைவிடத் திருத்தமாகப் பேசுவாள்.

"நாங்க யார் பக்கமும் இல்லைம்மா. இடம் அவரோடது. கேட்கலைன்னா கொட்டகையையே மூடிடுவார். முடிஞ்ச பிள்ளைகளையாவது காப்பாத்தணும்."

"அப்புறம், வாயை நல்லாத் திறக்கச் சொல்லிப் பாரு" என்றான் முதலாளி. "கன்னத்துல அடக்கிட்டுப் போய் வெளியே இருக்கிற மத்ததுங்களுக்கு ஊட்டிடப் போகுதுங்க."

"அதுக்கா பார்க்கறது?"

முதலாளி சிரித்தான். "பின்னே, நீ என்ன பல் டாக்டரா? காட்டுல இருந்தவனுங்களுக்கு ஒரு வாய் பால்கூடப் போகக் கூடாதுன்னு துரை போட்ட ஒழுங்கு. இத்தனை வருஷமா நீயே பார்க்கறே. தெரியாதா?"

துடுப்பு நின்றது. பால் அடிப்பிடித்துத் தீயும் வாடை வந்தது.

அவள் அப்பா காட்டில் செத்தார். குண்டு பட்டல்ல. இலையைத் தின்று வயிறு போய்ச் செத்தார். தூக்கி வந்தவர்கள், ஒரு பிள்ளையின் கனம்கூட இல்லை என்றார்கள்.

"நர்ஸம்மா, ஒரு நாள் நான் வாயில அடக்கினேன். வேலி ஓரம் அப்பா வருவாருன்னு. நீங்க கன்னத்தை அழுத்துனீங்க. முழுங்கிட்டேன். என் தொண்டையைப் பார்க்கறீங்கன்னுதான் நினைச்சேன்."

நர்ஸம்மா அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் எங்களை உள்ளே விடுவோம்னு துரைமார் சொன்னாங்க. இல்லைன்னா ஒரு பிள்ளைக்கும் பால் இருந்திருக்காது. நீ உயிரோட இருக்கே. அதை நினைச்சுப் பாரு."

"அதைத்தான் நினைச்சுட்டு இருக்கேன்."

துடுப்பை உருவி அண்டாவின் இரண்டு காதுகளிலும் நுழைத்தாள். பக்கத்தில் நின்ற, தண்ணீர் சுமப்பவளைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் பிடி."

தண்ணீர் சுமப்பவள் அசையவில்லை. "என் பிள்ளைக்கு இங்க பால் உண்டுக்கா. போனா அதுவும் போச்சு."

"என் பிள்ளைக்கும் உண்டு."

தண்ணீர் சுமப்பவள் தன் மகன் நின்ற இடத்தைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "என்னடி வேடிக்கை? நாங்க ரெண்டு பேரும் என்ன பயில்வானா? குவளைகளையும் எடுங்கடி."

"அண்டா என்னோடதுடி!" முதலாளி கத்தினான்.

"கழுவித் தர்றோம்."

"இதை நான் மேலே எழுதியாகணும்" என்றாள் நர்ஸம்மா. "நாளைக்கு மூட்டை வராது."

"தெரியும் நர்ஸம்மா."

பால் தளும்பிக் கணுக்காலைச் சுட்டது. பிள்ளைகள் அண்டாவுக்குப் பின்னால் வந்தார்கள். முதலாளி காவல்காரனைப் பார்த்து வாசலைச் சாத்தச் சொன்னான். காவல்காரனின் மகனும் கையில் குவளையோடு அந்தக் கும்பலில் இருந்தான். கதவின் தாழ்ப்பாள் திடீரென்று காவல்காரன் கைக்கு அகப்படாமல் போயிற்று.

வெளியே சம்மட்டிக்காரர்கள் எழுந்து வந்து அண்டாவைத் தாங்கி இறக்கினார்கள். தம்பி அவள் கையைப் பார்த்தான். தோல் வழன்றிருந்தது.

"இன்னைக்குச் சரி. நாளைக்கு?"

"ஒவ்வொரு வீட்லயும் இருக்கறதை ஒரே அடுப்புல போடுவோம்."

"வீட்ல ஒண்ணுமில்லையேக்கா."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் இத்தனை நாளும் தனித்தனியாத் தின்னோம்."

யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவர் எழுந்து, தன் குடிசையில் கொஞ்சம் விறகு இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

தம்பி மகள் குடித்து முடித்துவிட்டு, பழக்கத்தில் வாயைத் திறந்து நின்றாள்.

"மூடு கண்ணு. இனிமே யாரும் பார்க்க மாட்டாங்க."

குவளையை வாங்கி விளிம்பு வரை ஊற்றி அவள் கையில் வைத்தாள் துடுப்பக்கா. "பாப்பாவுக்குக் கொண்டு போ."

"வெளியேவா அத்தை?"

"வெளியேதான்."

சிறுமி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, குவளையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடியாக நடந்தாள். வழியில் உட்கார்ந்திருந்த சம்மட்டிக்காரர்கள், ஒரு சொட்டுச் சிந்தாமல் அவள் போக, ஒருவர் பின் ஒருவராகக் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.