மாமாவின் முட்டியும் கலைமதியின் விளம்பரமும்

நூறு பேர் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டால், அதில் எத்தனை பேர் விரலால் தொடுகிறார்கள் என்பதற்கு சி.டி.ஆர். என்று பெயர். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் கலைமதி. பொம்மிடியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது தர்மபுரியில் இருந்துகொண்டு யோகா வகுப்பு, பல் ஆஸ்பத்திரி, சத்துமாவுக் கடை என்று யார் கூப்பிட்டாலும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட்டுத் தருகிறாள். நூற்றுக்கு ஒருவரோ இருவரோ தொட்டால் போதும், காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்பாள். என் விளம்பரத்தை எட்டு பேர் தொட்டார்கள்.

"எட்டுடி, ஆக்சிலியா! எட்டு! நான் தொழிலுக்கு வந்ததுலருந்து இப்பிடி ஒண்ணப் பாத்ததே இல்ல" என்று போனில் கத்தினாள்.

எட்டு பேர் தொட்டு என்ன பிரயோஜனம்? பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் என்னுடைய 'ஆக்சி வெல்னெஸ் சென்டர்' ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. முட்டிவலி, இடுப்புவலி, கழுத்துவலிக்கு பிசியோதெரபி, கூடவே மூலிகை ஆவிக்குளியல். பெங்களூரில் மூன்று வருடம் கம்ப்யூட்டர்காரர்களின் கழுத்தை நிமிர்த்திவிட்டு, இனிமேல் நம் ஊர்க் கழுத்துகளைப் பார்ப்போம் என்று வந்து திறந்தது. அந்த மூன்று வருடமும் மகள் இங்கே தாத்தாவிடம் வளர்ந்தாள். நான் வாரக் கடைசியில் விருந்தாளி மாதிரி வந்து போவேன். வீட்டுக்காரர் பிரகாஷுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, அவரும் விருந்தாளிதான். பெங்களூர் மேனேஜர் இன்னும் என் இடத்தை விட்டுவைத்திருந்தார். நவம்பர் முதல் வாரத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். சென்டர் ஓடவில்லையென்றால் மறுபடியும் பையைத் தூக்க வேண்டும், மகள் மறுபடியும் ரயில்வே ஸ்டேஷனில் நின்று அழ வேண்டும்.

விளம்பரத்தில் என் போட்டோ இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. தொட்டால் வாட்ஸாப் திறக்கும், 'வணக்கம், சிகிச்சை பற்றி அறிய விரும்புகிறேன்' என்ற வாக்கியம் தயாராக இருக்கும், அனுப்பினால் போதும். பாதிப்பேர் அனுப்பிவிட்டு, "நீங்க நம்ம ஸ்தனிஸ்லாஸ் மருமவதானுங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் ஒரு கும்பிடு பொம்மை. அதோடு சரி.

நேரில் வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு டீ கிடைத்தது.

டீ வாங்கி வருவது என் மாமனார். ஸ்தனிஸ்லாஸ் என்றால் பொம்மிடியில் தெரியாதவர் கிடையாது. அவர்தான் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது படியேறினால், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எதிர்க்கடைக்குப் போய்விடுவார். வெறுங்கையோடு ஒருவரை அனுப்புவது அவருக்கு ஆகாது. வலது கால் மடங்காது. அதனால் ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் காலை வெளிப்பக்கமாக ஒரு வட்டம் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அப்படியே ரோட்டைக் கடந்து, தட்டில் கிளாஸ்களோடு திரும்பி வருவார். வந்தவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மாமியார் ரோசம்மா அத்தை இறந்தார். அந்த வருடமே மாமா வண்டியிலிருந்து விழுந்தார். நான் அப்போது பெங்களூரில். கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள், அப்புறம் காலை மடக்கிப் பழக்க யாரும் இல்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். "மாமா, படுங்க, நான் பாக்கறேன்."

"மருமவ கையில காலக் குடுக்கறதா? படிச்ச புள்ள, என் காலப் புடிக்கவா இந்த வூட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்தோம்?"

"பெரிய வியாழக்கிழம சர்ச்சுல சாமியார் உங்க காலக் கழுவுனா மட்டும் உக்காந்துக்கறீங்க?"

"அது சாமியாரும்மா" என்றார். வழக்கு முடிந்தது. மரியாதை என்று ஒன்றைக் கண்டுபிடித்தவரைப் பார்த்தால் நான் நாலு கேள்வி கேட்பேன்.

ஆகஸ்டில் ஒருநாள் கலைமதி நேரிலேயே வந்தாள். இத்தனை பேர் தொட்டும் ஏன் ஒருவரும் சிகிச்சைக்குத் தங்குவதில்லை என்பதை உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். அவள் இருக்கும்போதே யுவராணி டீச்சர் வந்தார். முட்டி வலி. விளம்பரம் பார்த்துத்தான் வந்தேன் என்றார். எனக்குச் சந்தோஷம். மாமா டீக்குப் போனார். டீச்சரின் கண் அவர் காலோடு போய், காலோடு திரும்பி வந்தது. டீயைக் குடித்தார். "எங்க வூட்டு சாரக் கேட்டுக்கிட்டு வரனுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

மாமா கிளாஸ்களைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் கலைமதி ஆரம்பித்தாள்.

"உன் விளம்பரத்துல ஒரு குத்தமும் இல்லடி. எதிர் விளம்பரம் ஒண்ணு டீத்தட்டத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நடக்குது. வூட்டு முட்டியவே சரி பண்ணாதவ நம்ம முட்டிய என்ன பண்ணப்போறான்னுதான் நெனப்பாங்க. அவர வூட்ல இருக்கச் சொல்லு."

"என்னால முடியாது" என்றேன். "அவரு எனக்காக வந்து உக்காந்திருக்காரு. அதச் சொல்றதுக்கு நான் கடைய மூடிட்டுப் போறேன்."

கதவருகே தட்டுச் சத்தம் கேட்டது. மாமா நின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் இரண்டு டீ. ஒரு சொட்டுச் சிந்தாமல் மேசையில் வைத்தார். "ஆறிடும், குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கலைமதியை அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு அவள் இன்னும் என் சிநேகிதியாக இருப்பதே அதிசயம்.

மறுநாள் மாமா சென்டருக்கு வரவில்லை. காட்டில் வேலை என்றார். அடுத்த நாளும் காட்டில் வேலை. நிலக்கடலை எல்லாம் பிடுங்கி முடிந்த காட்டில் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வந்த ஒரே அம்மாளும், "எங்கங்க உங்க மாமனாரக் காணோம்? காலு ரொம்ப முடியலீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அவர் இருந்தாலும் விளம்பரம், இல்லாவிட்டாலும் விளம்பரம்.

அந்த வாரக் கடைசியில் மதியம் போன் மினுக்கியது. 'வணக்கம், சிகிச்சை பற்றி அறிய விரும்புகிறேன்.' அனுப்பியவர் பெயர்: மாமா.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் கலைமதி ஏற்பாடு செய்து வைத்திருந்த தானியங்கிப் பதில் போய்விட்டது. 'உங்களுக்கு எங்கே வலி? எவ்வளவு காலமாக? வலியால் எதைச் செய்ய முடியவில்லை?' எல்லோருக்கும் போகிற மூன்று கேள்விகள். இதுவரை ஒருவரும் முழுதாகப் பதில் சொன்னது கிடையாது.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மூன்று குரல் பதிவு வந்தது. முதலாவதை அமுக்கினேன்.

"வணக்கங்க. வலது முட்டிங்க."

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. சிரிப்பு வந்தது. இரண்டாவதைக் கேட்டேன்.

"ரெண்டு வருசங்க. வண்டியிலருந்து வுழுந்துட்டனுங்க. கட்டுப் பிரிச்சப்பறம் தைலம் தேச்சி வுட வூட்ல ஆளில்லீங்க. அவ அதுக்கு முன்னாலயே போயிட்டா."

மூன்றாவது நீளம்.

"மண்டி போட முடியலீங்க. கல்லறத் திருநாளைக்கு எல்லாரும் அவங்கவங்க குழிகிட்ட மண்டி போட்டு மெழுகுவத்தி ஏத்தறாங்க. நான் நின்னுக்கிட்டே குனிஞ்சி ஏத்தறனுங்க. ரோசம்மாகிட்டப் போயி, அவசரமா கெளம்பற ஆளாட்டம் நின்னுக்கிட்டுப் பேசறனுங்க. அது எனக்கு நல்லா இல்லீங்க. எப்ப வர்றதுன்னு சொல்லுங்க."

நாங்கள் ஒரே வீட்டு மனிதர்கள். இதை அவர் என்னிடம் சொல்ல ஒரு விளம்பரம் வேண்டியிருந்தது. அழுதேன். நன்றாக அழுதுவிட்டு, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புவதுபோல அனுப்பினேன்: 'நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள்.'

"சரிங்க" என்றார்.

அன்று சாயந்திரம் வீட்டில் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம். காலையில் என் வண்டியில் ஏறச் சொன்னேன். "நீ போம்மா, எனக்கு வேல இருக்குது" என்றார். பத்து மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மாமனார் வேறு, கஸ்டமர் வேறு. வெள்ளை வேட்டி, சீவிய தலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தன் நாற்காலியில் உட்காராமல் வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கட்டிலில் படுத்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் முட்டியில் கை வைத்தேன். மரக்கட்டையாக இருந்தது. மெல்ல மடக்கினேன்.

"வலிக்குதுங்களா மாமா?"

துண்டுக்குள்ளிருந்து, "வலிக்குதும்மா" என்றார். 'ங்க' போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் தினமும் வந்தார். சொன்ன பயிற்சியை வீட்டிலும் செய்தார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள், அவர் ஏமாற்றினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். அக்டோபரில் அவர் கால் போடும் அந்த வட்டம் சின்னதாகிவிட்டது. மறுபடியும் டீக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் வாடிக்கையாளர் பெஞ்சு அப்படியேதான் காலியாக இருந்தது. பெங்களூர் மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், அது கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

கல்லறைத் திருநாள் அன்று சாயந்திரம் ஊரே கல்லறையில் இருந்தது. சுண்ணாம்பு அடித்த குழிகள், சாமந்தி மாலைகள், சாம்பிராணிப் புகை. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வந்தார். அத்தையின் குழிமேல் மாமா மாலையைப் போட்டார். மெழுகுவத்தியைக் கையில் எடுத்தார். இடது காலை மடக்கினார். சிலுவையைப் பிடித்துக்கொண்டு, வலது காலையும் மெல்ல மெல்ல மடக்கி மண்ணில் வைத்தார்.

மண்டி போட்டுவிட்டார்.

நான் ஜெபம் சொல்லியிருக்க வேண்டும். அவர் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தியை ஏற்றி, தலை குனிந்து, அத்தையிடம் என்னவோ முணுமுணுத்தார். இரண்டு வருடப் பேச்சு, சீக்கிரம் முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கம்பக்கக் குழிகளில் எல்லோரும் தங்கள் செத்தவர்களை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுவராணி டீச்சர் கையில் மெழுகு உருகி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினார். பக்கத்திலேயே பிரகாஷ் நின்றுகொண்டிருந்தார். அவர் கை நீட்டியதை மாமா கவனிக்கவேயில்லை.

"ஆக்சிலியா, கையக் குடும்மா" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார். "மண்டி போட வெச்சுட்ட, எந்திரிக்கறதுக்கு யாரு சொல்லித் தருவா?"

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் விடவில்லை. அப்படியே கல்லறை வாசல் வரைக்கும் நடந்து வந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் பெஞ்சில் இடமில்லை. ஒருவரும் விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்கள் இல்லை. கதவுக்கு வெளியே நின்று பெங்களூருக்குப் போன் போட்டேன், வரவில்லை என்று சொன்னேன். மாமா டீத்தட்டோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். தேவைக்கு மேல் மெதுவாக நடந்தார். எல்லோரும் பார்க்க வேண்டுமாம்.