அடைத்த மூக்கும் வாசலில் பெட்டியும்

சாயங்கால பஸ்ஸுக்குப் போக வேண்டிய பெட்டியை என் மனைவி காலையிலேயே வாசற்கதவோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். தங்கை வீட்டுக்குப் பயணம். காரணம், என் மூக்கு. சளி பிடித்து இரண்டு துவாரமும் சிமெண்ட் பூசியதுபோல் அடைத்துக்கொண்டதில் என் குறட்டை சற்றே கூடிவிட்டது. சற்றே என்றுதான் நான் சொல்வேன். மாடி வீட்டுத் தையல்காரர் நேற்று இறங்கி வந்து, "மாவு மிஷின் போட்டிருக்கீங்களா சார்? எப்ப வந்தா அரைச்சுக் குடுப்பீங்க?" என்று கேட்டார். கையில் கோதுமைப் பை. நான் பொய் சொல்வதில்லை.

"தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? கண்ணெல்லாம் எரியுது. மூக்கு சரியானதும் போன் பண்ணுங்க, வர்றேன்" என்றாள் மனைவி.

"சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிட்டா?"

"பண்ணுங்க, பார்ப்போம்."

லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். மண் சரிந்து மூடிய மலைப்பாதையையே ஹாரன் அடித்துத் திறந்திருக்கிறேன். இரண்டு துவாரம் எம்மாத்திரம்?

டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டாம், ஆவி பிடியுங்கள், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுங்கள், காய்ச்சலோ முகத்தில் வலியோ வந்தால் திரும்ப வாருங்கள் என்றிருந்தார். அப்போது கௌரவம் பார்த்து எதையும் செய்யவில்லை. இப்போது துண்டை முக்காடிட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்தேன். எழுந்த ஆவியில் மீசை சுருண்டது. சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவில் மாமனாருக்கு வியர்த்தது. மூக்கு மட்டும் அசையவில்லை.

அடுத்து மூக்கைக் கழுவக் கோப்பையோடு குழாயடிக்குப் போனேன்.

"பச்சைத் தண்ணியா? வைங்க கீழே! கொதிக்க வச்சு ஆறினதுதான் மூக்குல போகணும்." ஊருக்குக் கிளம்புகிறவள்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள். தண்ணீர் ஆறும்வரை, அவள் போன பிறகு நான் பட்டினி கிடக்கக்கூடாதென்று குழம்புக்கு வெங்காயம் நறுக்கினாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கண்ணீர் கொட்டியது. வாசனை துளியும் எட்டவில்லை.

வலது மூக்கில் ஊற்றியது இடது வழியாக வர வேண்டும். முதல் கோப்பை வரவில்லை. எங்கே போயிற்று என்று இன்றுவரை தகவல் இல்லை.

"தலையைச் சாய்ங்க. வாயால மூச்சு விடுங்க. எதுக்கு இந்த அவசரம்? பஸ்ஸுக்குப் போறது நானா, நீங்களா?"

விடவில்லை. மறுபடி ஊற்றினேன். ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. மறுபடி. சொட்டு, நூலாகி ஒழுகியது. மெல்ல மூக்கைச் சிந்தினேன். உள்ளே ஏதோ நகர்ந்து, காற்று நுழைந்தது. ஒரு பக்கம்தான். ஒருவழிப்பாதையும் பாதைதானே?

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டாள், காதால் கேட்டால்தான் நம்புவாள். சாப்பிட்டதும் அறையில் போய் மல்லாந்து, வாயை மூடி, கண்ணை மூடினேன். வெயில் சாயும்வரை மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. வீடே ஓய்ந்து கிடந்தது. சமையலறையில் என் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கும் கத்தியின் சத்தம் மட்டும்.

அதுவும் நின்றது.

"என்னங்க?"

தூங்குகிறவன் பதில் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

"ஏங்க!"

ஏதோ பாத்திரம் உருண்டது. காலடிகள் ஓடி வந்தன. அப்புறம் என் மூக்கின் கீழே ஒரு விரல் வந்து நின்றது. அதில் வெங்காய வாசனை. இத்தனை நாளில் என்னை எட்டிய முதல் வாசனை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. நான் மெதுவாக மூச்சு விட்டேன். விரல் அங்கேயே இருந்தது.