அரை எட்டு

ஒரு மனிதனின் வாக்குக்கு விலை பதினெட்டு சென்ட். தொண்ணூற்றெட்டாம் வருஷம், எடிசன் ஊரில், சொல் கணக்கில் எனக்குக் கிடைத்த விலை அதுதான். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக்கடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஏஜென்சி வைத்திருந்தேன். ஈரோட்டில் அப்பா மஞ்சள் விற்றார். நான் சொல் விற்றேன். மஞ்சளையாவது முகர்ந்து பார்த்து வாங்கலாம்.

பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்து கம்பெனி நாலாயிரத்து இருநூறு சொற்களைக் கொடுத்தது. ஸ்வீடனில் ஓர் ஆஸ்பத்திரி, மருந்துச் சோதனைக்காகத் தன் நர்சுகளுக்கு எழுதிய குறிப்பு. அதே சோதனை ஷாங்காயில் நடக்கப்போவதால் அது சீனத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஆங்கிலம் கூடாது. இரண்டு மொழியும் மருத்துவமும் தெரிந்த ஒரே ஆள் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வாரம் தேடினேன். ஸ்வீடிஷ் தெரிந்தவருக்குச் சீனம் தெரியவில்லை. இரண்டும் தெரிந்த ஒரு பெண் மரச்சாமான் விற்பவள். மருந்தென்றால் பயம் என்றாள். இன்னொருவர் சொல்லுக்கு ஒரு டாலர் கேட்டார். போன் பிடித்துப் பிடித்துக் காது காய்த்துப்போனது. கடைசியில் கலப்படம் செய்தேன். ஓய்வுபெற்ற ஸ்வீடிஷ் நர்ஸ் இங்கெர் அம்மாள் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். ஹாங்காங்கில் படித்த கெமிஸ்ட் ஒருவர் அதைச் சீனமாக்கினார். பாக்கி ஒரு கையெழுத்து.

தனக்கு நூடுல்ஸ் கட்டித் தருகிறவர் ஸ்வீடிஷ் பேசுவார் என்று இங்கெர் போகிறபோக்கில் சொன்னார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்தக் கடை. லின், ஷாங்காய்க்காரர்; ஒன்பது வருஷம் ஸ்வீடனில் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவர். அங்கே வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லவில்லை. ஐம்பது டாலரை நீட்டி, கீழே ஒரு கையெழுத்து என்றேன். படிக்காமல் போடமாட்டேன் என்றார். மூலத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார், நோட்டைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். குறிப்புப்படி மருந்து எட்டு மணிக்கு. ரத்தம் அதற்கு முன்னால், ஏழரைக்கு எடுக்க வேண்டும். ஸ்வீடிஷில் ஏழரையை 'அரை எட்டு' என்பார்களாம். இங்கெர் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். பிரிட்டிஷ் ஆங்கிலம் படித்த கெமிஸ்டுக்கு 'அரை எட்டு' என்றால் எட்டரை. மருந்து உள்ளே போன பிறகு ரத்தம், சோதனையே பொய்.

"இது நான் பார்த்தது. பார்க்காதது எத்தனையோ?" என்றார் லின் ஆங்கிலத்தில். முழுவதையும் முதலிலிருந்து தானே செய்ய வேண்டும், சொல்லுக்குப் பன்னிரண்டு சென்ட், பத்து நாள் என்றார். கெடு மறுநாள்.

கணக்கு எழுதுகிறவள் என் மனைவி சாரதா. அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தி, வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"ஏனுங்க, ஏழரை நம்ம ஆபீஸுக்கே வந்திருச்சு. அதை ஷாங்காய்க்கு வேற பேக் பண்ணி அனுப்போணுங்களா?"

"கம்பெனி கைவிட்டுப் போயிரும், சாரதா."

"போகட்டுங்க. ஊசி குத்திக்கறவன் நம்மகிட்டப் பேரம் பேச வரலீங்களே."

மருந்து கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்து, கலப்படத்தை ஒளிக்காமல் சொன்னேன். பத்து நாள் தருகிறேன், பேசிய விலையும் தருகிறேன், இதோடு நம் வியாபாரம் முடிந்தது என்றார். ஒப்புக்கொண்டு, லின்னிடம் வேலையைக் கொடுத்தேன்.

வரவு எழுநூற்று ஐம்பத்தாறு. இங்கெருக்கு இருநூற்றுப் பத்து, கெமிஸ்டுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு, லின்னுக்கு ஐந்நூற்று நான்கு. கைநஷ்டம் இருநூற்றுப் பத்து டாலர்.