எல்லைக்கல் முனியாண்டி

1925ஆம் ஆண்டு, ரப்பர் விலை ஏறியிருந்த சமயம், கோப்பெங்குக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலம் விலைக்கு வந்தது. வாங்க வந்தவர் பிச்சைமுத்துக் கங்காணி. தோட்டத்தை விட்டு ஈப்போவில் கடை வைத்து நான்கு வருடமாகியும், பழைய ஆட்கள் அவரைக் கண்டால் சுருட்டை மறைத்தார்கள்.

பக்கத்து அரை ஏக்கர் ராக்காயியுடையது. நிலப் பட்டாவான கிராண்டு அவள் பெயரில்தான் இருந்தது. அங்கே கொட்டகை போட்டு ஏழு மாடு கட்டி, பால் ஊற்றிப் பிழைத்து வந்தாள். கங்காணியோ அந்தக் கொட்டகை தான் வாங்கும் நிலத்துக்குள் வருகிறது என்றும், கிரயம் முடிந்த மறுநாளே அதைப் பிரித்துவிட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

அவர் பேச்சுக்கு ஆதாரம் ஒரு கல். அந்த ஐந்து ஏக்கருக்கு நான்கு மூலையிலும் சர்க்கார் நட்ட அளவுக்கல் உண்டு. மூன்று அதனதன் இடத்தில் இருந்தன. நான்காவது, கொட்டகைக்கு அப்பால் ஆலமரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு முனியாண்டியாக நின்றது. ஐந்து வருடத்துக்கு முன் அது கொட்டகைக்கு இப்பால், கால்வாய்க் கரையில் இருந்தது. வெள்ளைக்காரன் நம்பர் வெட்டி நட்டது சாதாரணக் கல்லாக இருக்காது என்று ஜனங்கள் முடிவுகட்டி, மேளம் அடித்து நிழலுக்குக் கொண்டுபோனார்கள். தன் மரத்தடிக்குச் சாமி வருகிறது என்று ராக்காயிக்கும் அப்போது பெருமைதான்.

நில ஆபீஸிலிருந்து அளவுச் சங்கிலியோடு வந்த ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு முறை அளந்தார். கணக்கில் நாற்பது அடி உதைத்தது.

"சங்கிலி ஒண்டு சொல்லுது, கல் ஒண்டு சொல்லுது. கல்லை ஒருத்தரும் அசைக்கேல்லை எண்டால் கல்லுதான் எல்லை. அசைச்சிருந்தால் சொல்லுங்கோ. ஆனால் அசைச்சவருக்கு வழக்கு வரும்" என்றார்.

கல் ஆதியிலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்றார் கங்காணி. வழக்கு என்றதும் அன்று மேளத்தோடு போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். ராக்காயியும் வாதாடவில்லை. இன்றைக்கு வருடப் பூசை, இந்தத் தடவை தன் முறை, ஐயா ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஸ்கந்தராஜாவும் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பூசை முடிந்ததும் முதல் தட்டு, சாமியைக் கொண்டுவந்து நட்டவருக்குப் போக வேண்டும். அதை வாங்கவென்றே கங்காணி வருடந்தோறும் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வருவார். இன்றும் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். ராக்காயி தேங்காய் மூடியும் பழமும் வைத்த தட்டோடு அவரைத் தாண்டிப் போய், மேளக்கார அப்பாவுவிடம் நீட்டினாள்.

"வாங்கிக்குங்க அண்ணே. கல்ல தூக்கியாந்து நட்ட கையில்ல?"

அப்பாவு மிரண்டார். ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அவள் ஸ்கந்தராஜா பக்கம் திரும்பி, இந்த மனிதர் ஒண்டியாகவே சுமந்துவந்தார், கங்காணியார் அன்றைக்குச் சும்மா வேடிக்கை பார்த்தார் என்று விவரம் சொன்னாள். கங்காணி முதலில் சிரித்தார். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"யாரு, இவனா? இவன் மோளம் அடிச்சவன்லா! கால்வாயிலேருந்து கல்ல பேத்து, இந்தத் தோள்ல நாந்தான் தூக்கியாந்தேன். தழும்பே இருக்கு, பாருங்க ஐயா."

ஸ்கந்தராஜா குடையை மடித்துவிட்டுத் தழும்பை அக்கறையோடு பார்த்தார்.

"நல்ல பாரம்தான். எந்த இடத்திலயிருந்து தூக்கினனீங்கள்?"

கங்காணியின் விரல் கால்வாய்க் கரையைக் காட்டிவிட்டது. மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது.

பேனா மூடியைக் கழற்றியபடியே ஸ்கந்தராஜா இரண்டு வழி சொன்னார். இங்கே கேட்டதைப் பெயரோடு எழுதலாம். அல்லது, சாயங்காலத்துக்குள் கல் பழைய குழிக்குப் போய்விட்டால், பெயர்ந்திருந்த கல் திரும்ப நடப்பட்டது என்று மட்டும் எழுதலாம். கங்காணி சட்டையைக் கழற்றிக் கல்லைத் தூக்கினார்.

குழியில் கல் இறங்கியதும் அங்கிருந்து கயிறு கட்டினார்கள். கொட்டகை முழுக்க ராக்காயி பக்கமே நின்றது. வெளியே மேய்ந்துகொண்டிருந்த செவலைப் பசுவின் பின்பாதி மட்டும் கயிற்றைத் தாண்டிக் கங்காணி பக்கம் இருந்தது.

"மாட்ட உள்ள இழுத்துக்க" என்றார் கங்காணி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"இந்தா இழுத்துட்டேன் அண்ணே" என்றாள் ராக்காயி. இழுப்பதற்கு முன் அது சாணி போட்டு முடிக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள்.