கடைசி முதுகில் எழுதிய பெயர்

மருதாசலத்தின் பெயர் அதுவரை நெற்றியில்தான் எழுதப்பட்டிருந்தது. முதல் லாரி வாங்கியபோது அதன் முகப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ஏறியது. பிறகு கோழிப்பண்ணையின் வாசல் வளைவில் ஏறியது. அதன் பிறகு மகன் சிவக்குமார் வடநாட்டுக்கு ஓட்டிப்போன போர்வெல் வண்டியில். எங்கே எழுதினாலும் ஆட்கள் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில்தான் இருக்கும்.

ஆகவே மருமகள் யுவஸ்ரீ நாமக்கல்லில் சைக்கிள் கடை திறந்து 'மருதாசலம் சைக்கிள்ஸ்' என்று பலகை மாட்டியபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. பெற்ற அப்பன் பெயரை விட்டு மாமனார் பெயரை வைத்தாளே என்று தன் ஊரான புதுச்சத்திரத்தில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் செய்தார். கடையோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் வைத்திருக்கிற ஆண் பெண் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு அவள் ஊர் சுற்றக் கிளம்பியபோது பங்காளிகளிடம் முணுமுணுப்பு எழுந்தது. "எங்க ஊட்டுப் பொண்ணு எங்க போவோணும்னு எனக்குத் தெரியும்" என்று அதையும் அவரே அடக்கினார்.

வருகிறவர்களுக்கெல்லாம் பச்சை நிறத்தில் சட்டை தைத்து, அதில் அவர் பெயரை அச்சடித்திருந்தாள். சட்டையைத் திருப்பிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"முதுகுலயா போடறது?"

"பின்னால வார வண்டிக்காரங்க படிக்கோணுமில்லீங்களா, மாமா."

நியாயம்தான் என்று விட்டுவிட்டார்.

கூட்டம் புதுச்சத்திரம் வழியாக வருகிற ஞாயிறன்று, கஞ்சி போட்ட வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாகச் சடையனின் டீக்கடை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் செலவில் டீ. முதலில் ஒரு இளைஞன் பெடலில் எழுந்து நின்றபடி பறந்து போனான். அவன் பின்னால் ஏழெட்டுப் பேர். பிறகு பெண்கள், தலை நரைத்த ஒரு டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார்கள். எல்லா முதுகிலும் மருதாசலம். நெடுஞ்சாலை ஓரம் முழுக்க அவர் பெயர் ஓடியது. அவருக்குக் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"மருமக எங்கீங் அண்ணா?" என்றான் சடையன்.

"வருவா."

வரவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. சாலை வெறுமையாகக் கிடந்தது. வெகுநேரம் கழித்து, உடம்பு கனத்த ஒரு வயதான அம்மாள் சேலைக்கு மேல் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தபடி வந்தாள். அவளுக்குப் பின்னால், நடக்கிறவன்கூட முந்திவிடுகிற வேகத்தில், யுவஸ்ரீ.

"உங்க மருமக சைக்கிள்ல எருமை ஓட்டிக்கிட்டு வாராப்ல இருக்குதுங்கோ" என்றான் சடையன்.

கடையே சிரித்தது. யுவஸ்ரீ மாமனாரைப் பார்த்துத் தலையசைத்தாள். மருதாசலம் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த உரக்கடையின் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டில் யாரும் எதிலும் கடைசியாக வந்ததில்லை. பள்ளிக்கூடப் பரிசில் தொடங்கி முட்டை லோடு அனுப்புவது வரை முந்திக்கொண்டே பழகிய குடும்பம். பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது அவருக்குக் குறைவாகப் படவில்லை. கடைசியாக ஓட்டுவதுதான் குறைவு. அதுவும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு.

அன்று மதியம் யுவஸ்ரீ வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் நிறுத்தினார். மனைவி சௌந்திரம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, வார ஞாயித்துக்கெழமை நீ முன்னால வரோணும். கடைசியா வாரதா இருந்தா, சட்டையில என் பேரு இருக்கப்படாது. ரெண்டுல ஒண்ணு."

யுவஸ்ரீ கையிலிருந்த தலைக்கவசத்தை மேசையில் வைத்தாள். "நா கடைசியாத்தானுங்க வருவேன். கடைக்காரி கடைசியாத்தான் வரோணும், மாமா. அதென்னன்னா..."

"காரணம் கேக்கல."

அவள் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. "அப்பச் சரிங்க. பேரை எடுத்தர்றேனுங்க. எடத்தை மாத்த முடியாதுங்க."

அவர் எதிர்பார்த்தது அழுகை, இல்லாவிட்டால் கெஞ்சல். இரண்டும் வரவில்லை. இப்படி நிமிர்ந்து நின்று பதில் சொல்கிற ஆள் இந்த வீட்டில் இதுவரை அவர் ஒருவர்தான். இன்னொரு ஆள் முளைத்தது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சேலம் நகரச் சுற்று. வெளியூரிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு நகரத்தைச் சுற்றிக் காட்டி, பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் முடிப்பது. சைக்கிள்களை வீட்டு லாரியிலேயே ஏற்றி அனுப்பியிருந்தாள். விடிவதற்குள் மருதாசலம் காரை எடுத்தார்.

"எங்கீங் போறீங்க, இந்நேரத்துக்கு?" என்றாள் சௌந்திரம்.

"சேலத்துல ஒரு ஆளைப் பாக்கோணும்."

"அந்த ஆளு சைக்கிள்ல வருதுங்களா?"

கியரைப் போட்டுக் கிளம்பினார். பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் கூட்டம் நின்றிருந்தது. கொஞ்சம் தள்ளிக் காரை நிறுத்திப் பார்த்தார். எல்லா முதுகிலும் அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை இருந்தது. ஓரம் மடித்து, நூல் தெரியாமல் தைத்திருந்தது. அந்தத் தையல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். வாரம் முழுக்கச் சௌந்திரத்தின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணை உறை தைக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

தான் சொன்னதைத்தான் மருமகள் செய்திருக்கிறாள். ஆனாலும் இத்தனை முதுகில் தன் பெயர் துணிக்கு அடியில் கிடப்பதைப் பார்க்கையில், வீட்டுப் பலகையை யாரோ கழற்றிவிட்டதுபோல் இருந்தது.

சைக்கிள்கள் நகர்ந்தன. அவரும் பின்னால் நகர்ந்தார். கோட்டை மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி யுவஸ்ரீ ஏதோ சொன்னாள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற தெருவுக்குள் அழைத்துப் போனாள். குகை என்கிற நெசவாளர் பகுதியில் தறிச் சத்தம் கேட்கிற இடத்தில் எல்லோரையும் பேசாமல் நிற்கவைத்தாள். வெளியூர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். காருக்குள் உட்கார்ந்தபடி மருதாசலம் ஒவ்வொன்றையும் குறை காணும் கண்ணோடு பார்த்தார். குறை அகப்படவில்லை.

தாதகாப்பட்டியில் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. யுவஸ்ரீ சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, கையை உயர்த்தி, நடுச்சாலையில் நின்றாள். டவுன் பஸ் ஒன்று முட்டுவதுபோல் வந்து நின்று ஹாரனை அழுத்தியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி ஆள் கடந்து அந்தப் பக்கம் போன பிறகு டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். இவ்வளவு காலம் லாரி ஓட்டுகிறவர்களோடு பழகியவர் மருதாசலம். பஸ்ஸுக்கு முன்னால் அப்படிக் கால் பதறாமல் நிற்கிறவனை அவர் பார்த்ததில்லை.

நகரத்தைத் தாண்டியதும் முன்னால் இருந்தவர்கள் பறந்துவிட்டார்கள். ஜருகுமலை பக்கத்தில் வரத் தொடங்கியது. எதிர்க்காற்று. அதே கனத்த அம்மாள் மறுபடியும் கடைசியில் தங்கினாள். பெயர் செல்லியம்மாள், சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள், சைக்கிள் கற்றுக்கொண்டதே இந்தக் கடையில்தான் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்தது அவளுடைய மூச்சிரைப்பு மட்டும்தான். ஒரு மேட்டில் செல்லியம்மாள் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். உடனே யுவஸ்ரீயும் இறங்கினாள். காற்றாய்ப் பறக்கக்கூடிய வண்டியைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

காரின் கண்ணாடி இறக்கியிருந்தது.

"நீ போ சாமி. எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. நா மெல்ல வாரேன்."

"நீங்க போனாத்தானுங்க நா போவ முடியும்."

"எனக்கு வெக்கமா இருக்குது, கண்ணு. எப்பவும் நாந்தான் கடைசி."

"நீங்க எங்கீங்க கடைசி? உங்களுக்குப் பின்னால நா இருக்கறனில்லீங்க."

செல்லியம்மாள் சிரித்தது காருக்குள் வரை கேட்டது. மருதாசலத்துக்குப் பின்னால் ஒரு லாரி வந்து பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தூரமாக ஒதுங்கிப் போகச் சொன்னார். இன்னொரு வண்டி வந்தது. அதற்கும் கை காட்டினார். அந்த இரண்டு பெண்களுக்கும் பின்னால் தன் கார் ஒரு மறைப்பாக ஊர்ந்துகொண்டிருப்பதை அவர் கவனிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மேடு முடிந்து நிழல்சாலை வந்ததும் அவர்களைத் தாண்டினார். தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயனில்லை. "வாங்க மாமா" என்றாள் யுவஸ்ரீ, வீட்டு வாசலில் வரவேற்பதுபோல.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பச்சைச் சட்டைகள் கும்பலாக உட்கார்ந்திருந்தன. பெரிய பாத்திரங்களில் இட்லி வந்து இறங்கியிருந்தது. மூடியின் இடுக்கில் ஆவி கசிந்தது. வாழையிலைக் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. எல்லோர் முகத்திலும் பசி எழுதியிருந்தது, ஒருவரும் தொடவில்லை. புதுச்சத்திரத்தில் முதலாவதாகப் பறந்த இளைஞன் அங்கே இருந்தான். இன்றும் அவன்தான் முதலில் வந்திருப்பான். ஜெயபிரகாஷ் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

மருதாசலம் அவனிடம் போனார். "ஏந்தம்பி, நீதான முதல்ல வந்தே? சாப்பிட வேண்டீதுதான?"

"கடைசி ஆளு வராம எலை போடறதில்லீங்க. கடையோட சட்டமுங்க அது."

"எவன் போட்ட சட்டம்?"

"யுவஸ்ரீ அக்கா போட்டதுங்க. முதல்ல வாரவங்களைப் பத்திக் கவலை இல்லீங்களாம். கடைசி ஆளைத் தனியா உட்டுட்டா அவங்க மறுக்கா வரமாட்டாங்களாம். அதனால அக்காதான் எப்பவும் கடைசி. எங்க வேணும்னாலும் எங்களை முன்னால போவச் சொல்லுவாங்க, அந்த எடத்தை மட்டும் யாருக்கும் தரமாட்டாங்க."

"யாரு கத்துக்குடுத்தது இப்படி?"

"அவங்க மாமனாருங்களாம்" என்றான் அவன். "அக்கா கல்யாணத்துல அந்த மனுசன் கடைசிப் பந்தியிலதான் உக்காந்தாராம். மேளக்காரங்க, எலை எடுக்கறவங்க, பாத்திரம் கழுவறவங்க எல்லாம் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்தான் கை நனைச்சாராம். பாயசமெல்லாம் தீந்துபோயி வெறும் ரசஞ்சோறுதானாம். பொண்ணு ஒக்காந்த எடத்துல இருந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம்."

மருதாசலம் துண்டைத் தோளில் சரிசெய்தார். "மனுசன் எப்படி, நல்ல மாதிரியா?"

"நல்ல மாதிரிதானுங்களாம். கொஞ்சம் முன்கோபின்னு கேள்வி."

அவர் ஏரிப்பக்கம் நடந்தார். அந்தக் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததை யாரும் கவனித்ததாக அவர் நினைத்ததில்லை. கவனிக்கவேண்டி அவர் உட்காரவும் இல்லை. வீட்டுக்காரன் கடைசி இலையில்தான் சாப்பிடுவான். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார், அவரும் செய்தார், அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கல்யாண மண்டபத்தில் எது கௌரவமோ அதைச் சாலையில் பார்த்ததும் தனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவரைச் சுட்டது.

செல்லியம்மாள் வளைவில் தெரிந்தாள். பின்னால் யுவஸ்ரீ. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும், அந்த டாக்டர் உட்பட, எழுந்து நின்றார்கள். கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் எழுவதுபோல் எழுந்தார்கள். செல்லியம்மாள் சைக்கிளை விட்டு இறங்கித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

அதற்குள் மருதாசலம் சட்டைக் கையை மடித்துவிட்டு இட்லிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டார்.

"எலையப் போடுங்க" என்றார். "அந்தம்மாவுக்கு முதல்ல போடுங்க."

யார் இந்தப் பெரியவர் என்று ஜெயபிரகாஷ் யுவஸ்ரீயைப் பார்த்தான். "எங்க மாமனாருங்க" என்றாள் அவள். அவன் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"முன்கோபி பரிமாறறேன், நீ உக்காரு தம்பி" என்றார் மருதாசலம்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது சட்னி தீர்ந்துவிட்டது. சாம்பாரில் அடி வண்டல்தான். இட்லி கொண்டுவந்த ஆட்களும் சாப்பிட்டு முடித்த பிறகு, மாமனாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இட்லியைச் சாம்பார் வண்டலில் தொட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"அந்தத் துணியெல்லாம் எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

யுவஸ்ரீயின் கை இலையிலேயே நின்றது. "சரிங்க மாமா."

"முழுசாக் கேளு. உன் சட்டையில மட்டும் பிரிச்சுப்போடு. கடைசி ஆளு முதுகுல மட்டும் என் பேரு இருந்தாப் போதும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் பார்க்கவில்லை. பார்ப்பது இருவருக்கும் பழக்கமில்லை.

அதற்கடுத்த தடவை கூட்டம் புதுச்சத்திரம் வழியாக வந்தபோது மருதாசலம் அதே நாற்காலியில், அதே கஞ்சி போட்ட வேட்டியில் உட்கார்ந்திருந்தார். ஜெயபிரகாஷ் பறந்து போனான். டாக்டர் போனார், வாத்தியார்கள் போனார்கள். எல்லா முதுகிலும் வெள்ளைப் பட்டை.

"என்னங் அண்ணா, உங்க பேரையே காணோம்?" என்றான் சடையன்.

"பொறு. பின்னால வருது."

சாலை வெறுமையானது. டீ ஆறியது. வளைவில் செல்லியம்மாள் வந்தாள், முன்னைக்கு இப்போது அசைவு குறைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் யுவஸ்ரீ. மருதாசலம் நாற்காலியை விட்டு எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலே, சடையனும் அடுப்பைவிட்டு எழுந்து நின்றான்.

கடையைக் கடந்து போன பிறகுதான் முதுகு தெரிந்தது. சடையன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.