பச்சைக் கயிறும் நீலக் கயிறும்

நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் அன்று காலையிலும் அதே கச்சேரிதான்.

"எங்க சங்கம் கேட்டுத்தான் எல்லாருக்கும் புது யூனிஃபார்ம் வந்துச்சு. உங்க சங்கம் இன்னா கிழிச்சுது? ஆஸ்பத்திரி கேட்டாண்ட குந்திக்கினு கத்திச்சு, அவ்ளோதான்."

"நாங்க கத்தினதாலதான் உங்க தலைவருக்கு ஃபேன் போட்ட ரூம் கெடச்சுது. மறந்துட்டீங்களா?"

"எங்க தலைவரு மேனேஜர்கிட்ட நேரா போய்ப் பேசுவாரு. உங்க பிரித்திகாவ வாட்ச்மேனே உள்ள வுட மாட்டான்!"

திருப்பதியில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு இரண்டு சங்கங்கள். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் தனசேகர் நடத்தும் பழைய சங்கத்தில் சேர்ந்து, அடையாள அட்டையைப் பச்சைக் கயிற்றில் மாட்டிக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பிரித்திகாவின் புதிய சங்கத்தில் சேர்ந்து நீலக் கயிற்றில் மாட்டிக்கொள்வார்கள். எது பெரிய சங்கம், எது காரியம் சாதிக்கும் சங்கம் என்று அளந்து பார்ப்பதிலேயே அவர்கள் பொழுது போயிற்று. இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. இரண்டு சங்கங்களின் முதல் கோரிக்கையும் ஒன்றேதான்: வார்டுக்கு ஒரு நர்ஸ் போதாது, இன்னொருத்தரைப் போடுங்கள்.

மேனேஜர் பாஸ்கர் லேசுப்பட்ட ஆளா? "ரெண்டு சங்கம் வந்து நின்னா நான் யார்கிட்ட பேசறது? ஓட்டுப் போட்டு யாருக்கு ஆள் ஜாஸ்தின்னு காட்டுங்க, அவங்ககிட்ட பேசறேன்" என்று சொல்லிவிட்டார். அதோடு கோரிக்கை மூலைக்குப் போய்விட்டது, ஓட்டுச் சண்டை நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

கிருபாவதிக்குப் பச்சைக் கயிறு. சித்தூரில் பழைய மிஷன் கோயில் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். வேலையில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. நீலச் சங்கம் வேலைநிறுத்தம் செய்த அன்று, அவள் வேலைக்கு உள்ளே போகும்போது கேட்டில் நின்றவர்கள் "துரோகி" என்று கூச்சல் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று கை தட்டியவர்களில் சபீனாவும் ஒருத்தி. பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குப் புதுசு. கிருபாவதி பெற்ற மகளுக்கும் அவள் வயசுதான் இருக்கும். அந்தக் கைதட்டலைக் கிருபாவதியால் மறக்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதுகூட அந்த முகம்தான் வந்து நின்றது.

அந்த வேலைநிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரியில் ஒரு கெட்ட பழக்கம் முளைத்தது. ஷிப்ட் மாறும்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் கட்டில் கட்டிலாக நடந்து, இவருக்கு இந்த மருந்து, அவருக்குக் காய்ச்சல், இதைக் கவனி என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பச்சைக்குப் பச்சை வந்தால் அப்படியே நடந்தது. பச்சைக்கு நீலம் வந்தால் சாவியை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நீலமும் அதையேதான் செய்தது. உயிர் விஷயத்தில் ஊமை நாடகம்! தலைவர்கள் இருவருக்கும் இது தெரியும். ஒருவர்கூடக் கண்டிக்கவில்லை.

அன்று காலை கிருபாவதியின் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் தங்கவேலு படுத்திருந்தான். நாராயணவனத்துக்காரன், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவன். காலில் புண் சீழ் வைத்துச் சேர்த்திருந்தார்கள். புதிதாக எழுதிய ஊசி மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, கிருபாவதி அவன் கையில் துளி மருந்தைச் செலுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் தடித்துச் சிவந்துவிட்டது. உடனே டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். "அந்த ஊசி வேணாம். ஆபரேஷன் முடிச்சிட்டு வந்து வேற எழுதறேன்" என்றார். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் அதைக் குறிக்கப் போனபோது, வார்டின் மறுகோடியில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். ஓடினாள். வார்டு முழுக்க ஒரே நர்ஸ். அவளும் என்னதான் செய்வாள்? பெரியவரைத் தூக்கிக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்தது. சிவப்பு மை எழுதப்படவே இல்லை.

மதிய ஷிப்ட்டுக்கு வந்தவள் சபீனா.

கிருபாவதி சாவியை மேஜைமேல் போட்டாள். சபீனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, எதாச்சும் சொல்லணுமாக்கா?"

"எல்லாம் ஷீட்ல கீது. பாத்துக்கோ."

படியிறங்கும்போதுதான் தங்கவேலுவின் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன கௌரவம் விடவில்லை. எதிரே பக்கத்து வார்டு எலிசா வந்தாள், பச்சைக் கயிறு. "எலிசா, ஜன்னலோர பெட்டுக்கு அந்த ஊசி போட வேணாம்னு அவகிட்ட சொல்லிடு. நான் போய் அவ மூஞ்சில முழிக்கணுமா?" என்றாள். "சரிக்கா, சொல்லிடறேன்" என்றாள் எலிசா. கிருபாவதி நிம்மதியாகச் சித்தூர் பஸ் ஏறினாள்.

எலிசா வார்டுக்குள் போகுமுன்னே அவசரப் பிரிவில் ஆள் இல்லையென்று அவளை அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊசி நேரம் வந்தது. சபீனா கேஸ் ஷீட்டைப் பார்த்தாள், மருந்து அப்படியே இருந்தது. தங்கவேலு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கன்னிகாவிடம் கேட்டாள்: "டெஸ்ட் ஊசி போட்டாங்களாம்மா?"

"காலைலயே போட்டாங்கம்மா" என்றாள் கன்னிகா. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

சபீனா ஊசி போட்டாள். தங்கவேலுவுக்கு மூச்சு அடைத்தது, முகம் வீங்கியது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள், மாற்று ஊசி போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். அவன் பிழைக்கவில்லை.

மறுநாள் காலை கிருபாவதி வந்தபோது பாஸ்கரின் அறை வாசலில் சபீனா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நீலக் கயிறு கழுத்தில் இருந்தது, சங்கத்து ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. "ஓட்டு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு பிரித்திகாக்கா சொல்லிட்டாங்க" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தனசேகர் கிருபாவதியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "எலிசா எல்லாம் சொன்னா. நீங்க வாயத் தொறக்காதீங்கக்கா. ஊசி போட்டது அவ, தப்பும் அவளோடது. அடுத்த வாரம் ஓட்டு. இதுலயே அவங்க சங்கம் காலி."

"மனுசன் செத்துட்டாரு தனசேகரு."

"செத்தவரு திரும்பி வருவாரா? நம்ம சங்கத்தப் பாருங்க."

கிருபாவதி வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், மானமும் நிலைக்கும். இந்தப் பெண் மட்டும் கொலைகாரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போவாள். ஆண்டவரே, என்ன செய்வேன் என்று நின்றாள். அப்போது சபீனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் சண்டை போடவில்லை. "நான் கேட்டேனேக்கா... எதாச்சும் சொல்லணுமான்னு கேட்டேனே" என்றாள்.

கிருபாவதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கைதட்டல் கோபத்திலிருந்து எலிசாவிடம் சொல்லி அனுப்பியது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பாஸ்கர் அமைதியாகக் கேட்டார். "சரி. ரெண்டு பேரும் சஸ்பெண்ட். ரெண்டு சங்கமும் ஆஸ்பத்திரிக்குள்ள கிடையாது. ஓட்டும் வேணாம், பேச்சும் வேணாம். இனிமே ஆள் பத்தலைன்னு யாராவது வந்தா, மொதல்ல ஒருத்தரோட ஒருத்தர் பேசிட்டு வாங்கன்னு சொல்வேன்" என்றார். அவர் முகத்தில் துக்கம் இல்லை, பெரிய தொல்லை விட்ட நிம்மதிதான் இருந்தது.

வெளியே நடைபாதையில் கன்னிகா உடலை வாங்கக் காத்திருந்தாள். கிருபாவதி அவள் காலடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். கன்னிகா அவள் முகத்தையும் கழுத்திலிருந்த கயிற்றையும் பார்த்தாள். பிறகு, "என் வூட்டுக்காரரு இதுல எந்தச் சங்கம்மா?" என்று கேட்டாள்.

பச்சைக் கயிறுகளும் நீலக் கயிறுகளும் சுற்றி வந்து நின்றன. கிருபாவதி எழுந்து அவர்களைப் பார்த்தாள்.

"கேட்டீங்களாடி? சங்கம் எதுக்கு? மேல இருக்கறவங்கள நாம ஒண்ணா நின்னு கேக்கறதுக்கு. நமக்குள்ள மூஞ்சியத் திருப்பிக்கினு போறதுக்கு இல்ல. உன்னுது பெருசா என்னுது பெருசான்னு அளந்துக்கினு இருந்தோம். முதலாளி சௌக்கியமா இருந்தாரு, நோயாளி செத்தாரு. கூட வேல செய்யறவகிட்ட பேசாதேன்னு சொல்ற சங்கம் எந்தக் கலரா இருந்தாலும் நம்ம சங்கம் இல்ல. அது முதலாளி சங்கம்!"

சபீனா சுவரில் சாய்ந்து விசும்பினாள்.

கன்னிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிருபாவதியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோ பேசறியேம்மா! நேத்து ஒரே ஒரு வார்த்த பேசியிருந்தா அவுரு உசுரோட இருந்திருப்பாரே."